ரப்பருக்கு எது குளிர்?

இயற்பியல் வகுப்புகளில் காட்டும் ஒரு ஜோடிப் பந்து உண்டு. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. கையில் வைத்துப் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது. மேசை உயரத்திலிருந்து இரண்டையும் ஒன்றாகக் கீழே விடுங்கள். ஒன்று துள்ளி எழும். மற்றது தொப்பென்று விழுந்த இடத்திலேயே கிடக்கும். துள்ளுவது நியோபிரீன் ரப்பர், துள்ளாதது பாலிநார்போர்னீன் ரப்பர். விழும்போது சேர்ந்த ஆற்றலில் பெரும்பகுதியை முதல் பந்து திருப்பித் தந்துவிடுகிறது. இரண்டாவது பந்து அதை உள்ளே வாங்கி வெப்பமாகக் கரைத்துவிடுகிறது.

கார் டயர் செய்ய எது ஏற்றது என்று கேட்டால் துள்ளும் பந்தைத்தான் நம்மில் பலரும் காட்டுவோம். ஆனால் மழைச் சாலையில் பிரேக் போடும்போது உயிரைக் காப்பது துள்ளாத பந்தின் குணம். இதே பந்துகளைச் சாய்வுப் பலகையில் உருட்டிவிட்டால் துள்ளாதது பின்தங்கும். அதாவது அது பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். டயர் தொழிலின் நூறாண்டுத் தலைவலி முழுவதும் இந்த இரண்டு பந்துகளுக்குள் அடக்கம்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். துள்ளாத பந்தைக் கொதிக்கும் வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் அதுவும் துள்ளத் தொடங்கும். ரப்பர் அதேதான், வெப்பநிலை மட்டும்தான் மாறியது. ஆல் சீசன் டயர் வாங்குவதா, சம்மர் பெர்ஃபார்மன்ஸ் டயர் வாங்குவதா என்று டொரன்டோவிலும் சிகாகோவிலும் கார் வைத்திருப்பவர்கள் குழம்பும் கேள்விக்கான விடை இந்த வெந்நீர்க் கிண்ணத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் டயர் தரையைத் தொடும் இடத்தைப் பார்ப்போம். 1,200 கிலோ எடையுள்ள கார், சக்கரத்துக்கு 300 கிலோ. உள்ளே 32 பிஎஸ்ஐ காற்று. எடையை அழுத்தத்தால் வகுத்தால், ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 135 சதுர சென்டிமீட்டர்தான். விரல்களோடு சேர்த்து ஒரு உள்ளங்கை அளவு. நான்கு பேரோடும் டிக்கி நிறையச் சாமான்களோடும் நெடுஞ்சாலையில் பாயும் வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் இப்படி நான்கு உள்ளங்கைகள்தான்.

அந்தப் பரப்புக்குக் கீழே நடப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் சாலை ஒரு மலைத்தொடர். சென்டிமீட்டர் அளவில் ஜல்லிக் கற்கள், அவற்றின் மேல் மில்லிமீட்டர் அளவில் முனைகள், அந்த முனைகளின் மேல் மைக்ரோமீட்டர் அளவில் சொரசொரப்பு. எடை அழுத்த, ரப்பர் இவற்றின் இடுக்குகளுக்குள் இறங்குகிறது. பிரேக் போட்டதும் டயர் லேசாகச் சறுக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு கல்முனையும் ரப்பருக்குள் உழுதுகொண்டு போகிறது. முனையின் முன்பக்கம் ரப்பர் நசுங்குகிறது, பின்பக்கம் விரிந்து பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. துள்ளும் ரப்பராக இருந்தால் உடனே திரும்பி, முன்னால் எவ்வளவு எதிர்த்ததோ அவ்வளவையும் பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்துவிடும். கணக்கு நேராகிவிடும், பிடிப்பு மிஞ்சாது. சோம்பேறி ரப்பர் திரும்புவதற்குள் கல் நகர்ந்துவிடும். முன்பக்க எதிர்ப்பு மட்டும் மிஞ்சும். காரை நிறுத்தும் விசையில் பெரும்பங்கு இந்தத் தாமதம்தான். காரின் ஆற்றலில் ஒரு பங்கு ரப்பருக்குள் வெப்பமாகத் தொலைகிறது, அந்த இழப்புதான் பிடிப்பாகிறது. ஆற்றல் வீணாவதும் பிடிமானமும் ஒன்றே என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இதோடு இன்னொரு விசையும் உண்டு. ரப்பரின் மூலக்கூறுகள் சாலையின் மூலக்கூறுகளோடு நேரடியாக ஒட்டிக்கொள்வது அது. உலர்ந்த தரையில் அது வலுவானது. தண்ணீர்ப் படலம் நடுவில் வந்துவிட்டால் பெரிதும் தளர்ந்துவிடும். 1963-ல் கார்ல் கிராஷ் என்ற ஆய்வாளர் ரப்பர் துண்டுகளை வழவழப்பான கண்ணாடியின் மேலும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான பரப்பின் மேலும் மிக மெதுவாக இழுத்து, உறைநிலைக்கு வெகு கீழே தொடங்கிப் பல வெப்பநிலைகளில் உராய்வை அளந்தார். இரண்டு விசைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. வேகத்தைக் கூட்டுவதும் வெப்பநிலையைக் குறைப்பதும் ரப்பருக்கு ஒரே மாதிரிதான்.

இந்த உறவைக் கணக்காக எழுதியவர்கள் வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி என்ற மூவர், ஆண்டு 1955. ரப்பர் என்பது பின்னிக்கிடக்கும் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். வெப்பத்தால் அவை ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கின்றன. அழுத்தினால் வளைந்து கொடுக்க அவற்றுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். குளிர்ந்தால் நெளிவு மந்தமாகும், அவகாசம் போதாமல் போகும். குளிரவே வேண்டாம், அழுத்தத்தை வெடுக்கென்று கொடுத்தாலும் அதே கதைதான். ஒரு வெப்பநிலைக்குக் கீழே சங்கிலிகள் அடியோடு முடங்கி ரப்பர் கண்ணாடிபோல் இறுகிவிடும். இதைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பார்கள். இயற்கை ரப்பருக்கு அது மைனஸ் 70 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும், டயரில் சேரும் பாலிபியூட்டாடையீனுக்கு மைனஸ் 100 பக்கம். ஸ்டைரீன் கலந்த செயற்கை ரப்பரில் ஸ்டைரீன் அளவைக் கூட்டக் கூட்ட அது மேலே ஏறும்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். ஆக ஒரு ரப்பர்த் துண்டு நொடிக்குப் பத்து முறை தரைக்கு வந்து நசுங்கிப் போகிறது. இப்போது பிரேக் போட்டு டயர் பத்தில் ஒரு பங்கு சறுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம், நொடிக்கு 2 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள முனைகள் ரப்பரை நொடிக்கு 2,000 முறை குத்தும். பத்து மைக்ரோமீட்டர் சொரசொரப்பு 2 லட்சம் முறை குத்தும். அந்த வேகத்துக்கு ரப்பர் தன் உண்மையான வெப்பநிலையைவிடப் பல பத்து டிகிரி குளிர்ந்ததுபோல் நடந்துகொள்ளும். நாம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்றுதானே இருக்கிறது என்று நினைக்கும் டயர், அதே நேரத்தில் சாலையின் கல்முனைக்குக் கண்ணாடியாக இருக்கலாம். நம் விரல் மெதுவானது, சாலை அப்படியல்ல.

டயர் வேதியியலாளர்கள் பிழைத்துக்கொண்டதும் இந்த இடைவெளியில்தான். பெட்ரோலைத் தின்னும் இழப்பு நொடிக்குப் பத்து முறை என்ற கணக்கில் நடக்கிறது. நிறுத்த உதவும் இழப்போ ஆயிரங்களிலும் லட்சங்களிலும் நடக்கிறது. அப்படியானால் மெதுவான நசுங்கலுக்குத் துள்ளும் பந்தாகவும், வேகமான குத்தலுக்குத் துள்ளாத பந்தாகவும் ஒரே ரப்பரைச் செய்ய முடியுமா? முடியும். கருமைக்கும் வலுவுக்கும் சேர்த்துவந்த கார்பன் பிளாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மணலின் உறவான சிலிக்காவின் மிக நுண்ணிய தூளை, ரப்பரோடு அதைப் பிணைக்கும் ஒரு வேதிப்பொருளையும் சேர்த்துக் கலந்தார்கள். மிஷ்லின் நிறுவனம் 1992-ல் இந்த வழியில் தன் பசுமை டயரைக் கொண்டுவந்தது. உருளும்போது இழப்பு குறைந்தது, ஈரத்தில் பிடிப்பு குறையவில்லை. ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் முறையும் அழகானது. நொடிக்கு லட்சம் முறை குத்தும் கருவிக்குப் பதிலாக, ரப்பரை 0 டிகிரிக்குக் குளிர்வித்து மெதுவாக ஆட்டிப் பார்க்கிறார்கள். அங்கே இழப்பு அதிகமென்றால் ஈரச் சாலையில் பிடிக்கும் ரப்பர். 60 டிகிரியில் இழப்பு குறைவென்றால் எரிபொருள் மிச்சம். குளிரை வைத்து வேகத்தை அளக்கிறார்கள்.

இனி இரண்டு டயர்களுக்கு வருவோம்.

சம்மர் பெர்ஃபார்மன்ஸ் டயரைச் செய்பவர் வெதுவெதுப்பான சாலையைக் கணக்கில் வைக்கிறார். ரப்பர் தன் சோம்பேறித்தனத்தின் உச்சத்தில் இருக்க வேண்டிய இடம் அது. அதற்காகக் கண்ணாடியாகும் வெப்பநிலையை வேண்டுமென்றே மேலே தள்ளிவைக்கிறார். 20, 30 டிகிரியில் அதன் பிடிப்புக்கு ஈடு சொல்ல முடியாது. மழையிலும் அப்படித்தான். சம்மர் என்ற பெயரைப் பார்த்து வெயிலுக்கு மட்டும்தான் போலிருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வெதுவெதுப்பான மழையில் நல்ல சம்மர் டயர், அதே தரத்து ஆல் சீசன் டயரைவிடச் சீக்கிரம் நிறுத்தும்.

விலை கொடுக்க வேண்டியது குளிரில். ஐரோப்பிய டயர்த் தொழில் 7 டிகிரி என்ற எல்லையைப் பல காலமாகச் சொல்லிவருகிறது. அது சரேலென்று விழும் பள்ளமில்லை, சரிவு. அந்த வெப்பநிலையை ஒட்டிச் சம்மர் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கி, கல்முனைகளின் இடுக்கில் இறங்க மறுக்கும். பனி ஒரு பொட்டுகூட இல்லாத, உலர்ந்த, வெயிலடிக்கும் நவம்பர் காலையிலும் இதுதான் நிலை. டொரன்டோவில் அப்படிப்பட்ட காலைகள் ஏராளம். கண்ணுக்கு ஆபத்து எதுவும் தெரியாது என்பதால் அவைதான் எனக்கு அதிகக் கவலை தருபவை. பனி விழுந்தால் எல்லோரும் மெதுவாகப் போவார்கள்.

குளிரில் ரப்பர் தாமதிப்பதன் விளைவை உலகமே பார்த்த நாள் 1986 ஜனவரி 28. புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர், ஏவும் நேரத்தில் சுமார் 2 டிகிரி. சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம், விரியும் இடைவெளியை வேகமாக நிரப்பி அடைக்க வேண்டியது, அடைக்கவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து விசாரணைக் குழுவின் பொது அமர்வில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் நசுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். இடுக்கியைத் தளர்த்திய பிறகும் ரப்பர் சில நொடிகள் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அது வேறு வகை ரப்பர், வேறு வேலை. ஆனால் இயற்பியல் ஒன்றுதான். ரப்பர் அங்கே உடைந்துபோகவில்லை, உரிய நேரத்தில் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

ஆல் சீசன் டயரில் கண்ணாடியாகும் வெப்பநிலையைக் கீழே இறக்கிவைக்கிறார்கள். அதனால் 0 டிகிரிப் பக்கத்திலும் அது வளைந்து கொடுக்கும். பதிலுக்கு, கோடைச் சாலையில் அது சோம்பலின் உச்சத்தைத் தாண்டி, துள்ளும் பந்தின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. இரண்டு பருவத்திலும் ஒரே ரப்பரால் உச்சத்தில் இருக்க முடியாது. கலவைகள் ஆண்டுக்காண்டு மேம்படுகின்றன, உச்சம் அகலமாகிக்கொண்டே போகிறது. இருந்தாலும் ஓரிடத்தில் கொடுத்தால்தான் இன்னோரிடத்தில் வாங்க முடியும்.

அமெரிக்காவில் முதல் ஆல் சீசன் ரேடியல் டயராகக் குட்இயர் நிறுவனத்தின் டியெம்போ 1977-ல் வந்தது. அதற்கு முன் குளிர்ப் பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டுவது வழக்கம். அந்தச் சிரமம் போனதால் மக்கள் அதை வாரி அணைத்துக்கொண்டார்கள். இன்று அங்கே புதிய கார்களில் பெரும்பாலானவை ஆல் சீசன் டயரோடுதான் வருகின்றன. ஜனவரியில் மைனஸ் 15-ஐப் பார்க்கும் ஊருக்கு அது போதாது என்பதே என் கருத்து. கனடாவின் கியூபெக் மாகாணமும் அப்படித்தான் நினைக்கிறது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

வித்தியாசம் ரப்பரோடு முடியவில்லை. இரண்டு டயர்களையும் பக்கத்தில் வைத்து மேற்பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். சம்மர் டயரில் சுற்றளவோடு ஓடும் மூன்று நான்கு அகலமான வாய்க்கால்கள், நடுவே பெரிய, திடமான ரப்பர்க் கட்டைகள். ஓரத்துக் கட்டைகள் ஏறக்குறைய முழுசாக இருக்கும். ஆல் சீசன் டயரிலோ கட்டைகள் சிறிதாகி, ஒவ்வொன்றின் முகத்திலும் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் வளைந்து வளைந்து ஓடும். நகத்தை விட்டு அகட்டினால் வெட்டு விரியும். ஜான் சைப் என்பவர் 1923-ல் காப்புரிமை பெற்ற உத்தி இது. பனியில் ஒவ்வொரு வெட்டின் ஓரமும் ஒரு பல்லாகக் கடிக்கும். வெட்டுக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் பனி போய் அடைந்துகொள்ளும். பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால் அந்த அடைசலே பிடிமானம். ஆனால் உலர்ந்த சூடான சாலையில், வேகமாக வளையும்போது, வெட்டுப்பட்ட கட்டை பக்கவாட்டில் சாய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே ஒரு சிறு குழைவு வந்துவிடுகிறது.

வாய்க்கால்களின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. வேகம் கூடினால் தண்ணீர் விலக நேரமில்லாமல் டயருக்கு அடியில் ஆப்புபோல் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். விமானச் சக்கரங்களை வைத்து நாசாவின் வால்டர் ஹார்ன் 1963-ல் இதற்கு ஒரு எளிய விதி கண்டார். பிஎஸ்ஐயில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு மைலில் கிடைக்கும். 32 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு சுமார் 94 கிலோமீட்டர். கார் டயரில் அகலமும் வாய்க்காலின் ஆழமும் இதை மாற்றும் என்றாலும், காற்று குறைந்தால் ஆபத்து முந்தி வரும் என்பது அப்படியே பொருந்தும். குளிர்காலத்தில் இது தானாகவே நடக்கிறது. வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ குறையும். 25 டிகிரியில் காற்றடித்த டயர் மைனஸ் 5-ல் ஐந்து பிஎஸ்ஐ இழந்து நிற்கும். புது டயரில் வாய்க்காலின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6. அதற்குக் கீழே போனால் மொட்டை டயர், அதன் ரப்பர் எந்தப் பருவத்துக்கானது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தேய்மானத்திலும் இரண்டு டயர்களுக்கும் இடையே தூரம் அதிகம். அமெரிக்காவில் விற்கும் டயர்களின் பக்கச் சுவரில் தேய்மான எண் ஒன்று பொறித்திருக்கும். டெக்சாஸின் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றி 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, 100 என்று மதிப்பிட்ட ஒரு டயரோடு ஒப்பிட்டுத் தரும் எண் அது. எண்ணை இடுவது தயாரிப்பாளர்தான் என்பதால் வெவ்வேறு நிறுவனங்களுக்கு இடையே ஒப்பிட அது அவ்வளவாக உதவாது. ஒரே நிறுவனத்துக்குள் உதவும். மிஷ்லினின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் சம்மர் டயருக்கு 300, அதே குடும்பத்து பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4-க்கு 540. கல்முனைக்கு இறுக்கமாகக் கைகொடுக்கும் ரப்பர், தன்னையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையில் விட்டுவிட்டுத்தான் போகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த வம்பெல்லாம் ஏன் என்று தோன்றலாம். உலகுக்கு டயர் செய்து தரும் ஊர்களில் நம்முடையதும் ஒன்று. 1946-ல் சென்னையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப்பில் ஆரம்பித்து, ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய்க்கண்டிகையில் மிஷ்லின், ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே என்று வரிசையாக ஆலைகள். அப்பல்லோ 2009-ல் வாங்கிய நெதர்லாந்தின் வ்ரெடஸ்டைன், ஐரோப்பாவில் ஆல் சீசன் டயருக்குப் பெயர் பெற்றது. ஆனால் நம் சாலைகள் 7 டிகிரியைப் பார்ப்பதில்லை. சென்னையில் அடைமழை கொட்டும் நவம்பரிலும் காற்று 25 டிகிரிப் பக்கம் இருக்கும். ஆகவே இங்கே சாதாரணமாக விற்கும் கார் டயர், யாரும் அப்படிச் சொல்லாவிட்டாலும், வெப்பச் சாலைக்கான டயர்தான். அதுதான் சரியும்கூட. எம் ப்ளஸ் எஸ் என்று பொறித்த டயர் மழைக்கு உசத்தி என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அது சேற்றையும் பனியையும் குறிக்கும் எழுத்து, வாய்க்கால்களின் அமைப்பைப் பார்த்து இடுவது, அதற்கெனத் தனிச் சோதனை கிடையாது. உதகையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் உறைபனிக் காலைகள் மட்டும் விதிவிலக்கு. அப்போது மலைப்பாதையில் முதல் சில வளைவுகளை மிக நிதானமாக எடுங்கள்.

சோதித்துப் பெறும் குறி வேறு. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனியில் ஒரு தரநிலை டயரைவிடக் குறிப்பிட்ட அளவு நன்றாக இழுத்துக் காட்டிய டயருக்கே அது கிடைக்கும். கனடாவில் இருக்கும் உறவினர் டயர் வாங்கப் போகிறார் என்றால் பெயரைப் பார்க்க வேண்டாம், பக்கச் சுவரில் அந்த மலையைத் தேடச் சொல்லுங்கள். ஆல் சீசன் என்று விற்பவற்றில் பலவற்றில் அது இருக்காது. ஆல் வெதர் என்று விற்பவற்றில் இருக்கும்.

கோடையில் சம்மர் டயரின் சுகத்தை அனுபவித்தவர்கள் அதைக் கைவிட மனமில்லாமல் நவம்பர் கடைசிவரை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைனஸ் 7 டிகிரிப் பக்கம் இறங்கிய இரவில் வெளியே நின்ற காரைச் சம்மர் டயரோடு நகர்த்தவே வேண்டாம். கண்ணாடி நிலையை நெருங்கிய ரப்பர், சக்கரம் உருண்டு வளையும்போது வாய்க்காலின் ஓரத்தில் வெடிக்கலாம். கழற்றி அடுக்கிவைத்த டயரையும் அந்தக் குளிரில் தூக்கிப் போடக் கூடாது. 5 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில் ஒரு நாள் முழுக்க வைத்து, உள்வரை சூடேறிய பிறகு எடுங்கள். வெடித்துவிட்டால் பஞ்சர்போல் ஒட்ட முடியாது, குளிரால் வந்த வெடிப்புக்கு உத்தரவாதமும் பொதுவாகக் கிடைப்பதில்லை. புது டயர்தான் வாங்க வேண்டியிருக்கும்.